பந்தலில் யாருக்கு இடம்?

காரைக்குடி

அன்புள்ள ஆத்தா,

உட்ஸ்டாக் விழாவின் ஆவணப்படத்தை விடுதியில் தோழிகளோடு விடிய விடியப் பார்த்ததாக எழுதியிருந்தாய். "நம்ம பக்கம் இப்படித் திறந்தவெளியில் ஒரு பாட்டு விழாகூட நடந்ததில்லையா ஐயா?" என்று கேட்டும் இருந்தாய். கேள்வியில் கொஞ்சம் ஏளனமும் தெரிந்தது. இருக்கட்டும், உன் வயதுக்கு அது அழகுதான்.

உட்ஸ்டாக் சாதாரண விஷயம் இல்லை. 1969 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தில் பெத்தல் என்ற ஊரில், மேக்ஸ் யாஸ்கர் என்ற பால்பண்ணைக்காரரின் நிலத்தில், சுமார் 4 லட்சம் பேர் மழையிலும் சேற்றிலும் கிடந்து பாட்டுக் கேட்டார்கள். வந்த கூட்டத்துக்கு வேலி தாங்கவில்லை; இலவசம் என்று அறிவித்துவிட்டார்கள். முதல் நாள் இரவு மழைக்கு நடுவே நம் ரவிசங்கர் சிதார் வாசித்தார். அந்தக் கூட்டத்தின் போக்கு அவருக்குப் பிடிக்கவில்லை என்பதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

நான் சொல்லப்போகிற விழா நூறு வருஷத்தைத் தாண்டி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அங்கே டிக்கெட் என்ற பேச்சு எந்தக் காலத்திலும் எழுந்ததில்லை. பாடுகிறவர்களும் பணம் வாங்குவதில்லை. திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனையைத்தான் சொல்கிறேன். "அதுவா, டிவியில் போடுவாங்களே, பட்டுப்புடவைக் கூட்டம்" என்று முகத்தைச் சுளிக்காதே. நீ பார்த்தது ஒரு மணி நேர ஒளிபரப்பு. அந்த விழாவின் கதை பெரிய சண்டைக் கதை.

தியாகராஜர் 1847 ஜனவரி 6-இல், புஷ்ய பகுள பஞ்சமி அன்று சமாதியானார். காவிரிக் கரையில் அடக்கம் செய்தார்கள். கொஞ்ச காலத்தில் அந்த இடம் புதர் மண்டிப் போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான், உமையாள்புரம் கிருஷ்ண பாகவதர், சுந்தர பாகவதர் என்ற அவருடைய சீடர்கள் தேடி வந்து அதைச் சீர்ப்படுத்தினார்கள். பிறகு பாகவதர்கள் கூடி ஆண்டுதோறும் ஆராதனை நடத்தத் தொடங்கினார்கள்.

தொடங்கிய சூட்டிலேயே பிரிந்தும் போனார்கள். தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதர் ஒரு பக்கம், அவர் தம்பி பஞ்சு பாகவதர் இன்னொரு பக்கம். பெரிய கட்சி, சின்னக் கட்சி என்றே ஊரில் பெயர். ஒரு கட்சியின் விழா ஆராதனை நாளில் முடியும், மற்றதன் விழா அன்றைக்குத் தொடங்கும். பங்காளிச் சண்டையில் சாமி கும்பிடுவதற்கு நாள் பிரித்துக்கொள்வதெல்லாம் செட்டிநாட்டுப் பிள்ளையான உனக்கு நான் விளக்கத் தேவையில்லை. இரு கட்சிக்கும் ஒத்துப்போன விஷயம் ஒன்று உண்டு: பெண்கள் அங்கே பாடக்கூடாது.

இந்த இடத்தில்தான் நீ படிக்கிற ஊரிலிருந்து ஒருவர் வருகிறார். பெங்களூர் நாகரத்தினம்மாள். 1878-இல் பிறந்தவர், தேவதாசி மரபைச் சேர்ந்தவர், சமஸ்கிருதமும் தெலுங்கும் நன்றாகக் கற்றவர், சென்னையில் கச்சேரி செய்து நிறையச் சம்பாதித்தவர். முத்துப்பழனி என்ற பெண் கவிஞர் எழுதிய 'ராதிகா சாந்துவனமு' என்ற தெலுங்குக் காவியத்தை 1910-இல் வெட்டில்லாமல் பதிப்பித்தார். ஆபாசம் என்று சொல்லி ஆங்கில அரசு அதைத் தடை செய்தது. அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை.

சமாதி மறுபடியும் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்று அவருடைய குரு பிடாரம் கிருஷ்ணப்பா எழுதினார். இவர் திருவையாற்றுக்கு வந்தார். இரண்டு கட்சிகளும் யார் பெரியவர் என்று வாதாடிக்கொண்டிருந்தபோது, சமாதி இருந்த நிலத்தைத் தன் வசப்படுத்தி, 1921-இல் கட்டட வேலையைத் தொடங்கிவிட்டார். செலவெல்லாம் அவர் கைப்பணம். சிலை வைத்து, 1926-இல் குடமுழுக்கும் ஆயிற்று. கோயில் கட்டிய கைக்கு அங்கே பாட மட்டும் உரிமை இல்லை என்றார்கள். அவர் சோர்ந்து நிற்கவில்லை. சமாதியின் பின்புறத்திலேயே பெண்களைக் கூட்டி, தனியாக மூன்றாவது விழா ஒன்றை ஆரம்பித்தார். அது பெண்கள் கட்சி. ஒரே மகானுக்கு ஒரே ஊரில் மூன்று விழா!

கடைசியில் 1940-இல் மூன்றும் ஒன்றாயின. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர், முசிரி சுப்பிரமணிய ஐயர், ஐ.சி.எஸ். அதிகாரி எஸ்.ஒய். கிருஷ்ணசாமி போன்றவர்கள் பேசிச் சேர்த்து வைத்தார்கள். எல்லாரும் உட்கார்ந்து தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தையும் ஒரே குரலாகப் பாடுகிற வழக்கம் அதற்குப் பிறகு வந்ததுதான். ஆதிகாலம் தொட்டு இப்படித்தான் என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே. நீ டிவியில் பார்க்கிற அந்தக் காட்சி ஒரு சமாதான உடன்படிக்கை. நாகரத்தினம்மாள் 1952-இல் காலமானார். தன் சொத்தை விழாவுக்கே எழுதி வைத்தபோது, பெண்களுக்கு அங்கே தடை இருக்கக்கூடாது என்பதையும் உயிலில் சேர்த்திருந்தார்.

இனி நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். காரைக்குடிக்குப் பக்கத்தில் தென் திருப்பதி என்று நாம் சொல்கிற அரியக்குடி இருக்கிறதே, அங்கே 1890-இல் பிறந்தவர் ராமானுஜ ஐயங்கார். பூச்சி சீனிவாச ஐயங்காரின் சீடர். பூச்சி ஐயங்கார் பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் சீடர். அவர் மானம்புச்சாவடி வேங்கடசுப்பையரிடம் கற்றவர். வேங்கடசுப்பையர் தியாகராஜரிடமே கற்றவர். இன்றைக்குக் கச்சேரி என்றால் முதலில் வர்ணம், விறுவிறுப்பான சில கீர்த்தனைகள், நடுவில் பெரிதாக ஒன்று, பிறகு ராகம் தானம் பல்லவி, கடைசியில் துக்கடாக்கள் என்று ஒரு வரிசை இருக்கிறதல்லவா? அதை நிலைநிறுத்தியவர் இவர்தான். மணிக்கணக்கில் பாடி மேடையை ஆண்ட அந்த மனிதரும் திருவையாற்றுக்குப் போனால் மற்றவர்களைப் போல ஒன்றிரண்டு பாட்டோடு எழுந்து இடம்விட வேண்டும். எவ்வளவு பெரிய வித்துவானுக்கும் அங்கே கிடைப்பது சில நிமிஷங்கள்தான்.

ஊர்ப்பாசத்தில் ஒன்றை உன்னிடம் மறைக்க மாட்டேன். 1946-இல் எம்.எம். தண்டபாணி தேசிகர், 'நந்தனார்' படத்தில் நடித்தாரே அவர்தான், ஆராதனையில் விநாயகர் மேல் ஒரு தமிழ்ப் பாட்டைப் பாடினார். தியாகராஜர் சந்நிதியில் தமிழ்ப் பாட்டா என்று எதிர்ப்புக் கிளம்பியது. சந்நிதானம் தீட்டுப்பட்டது என்றுகூடப் பேச்சு எழுந்தது. 'குடிஅரசு' இதழ் விளாசியது, அப்போது இளைஞராக இருந்த மு. கருணாநிதி 'தீட்டாயிடுத்து' என்று தலைப்பிட்டுக் கட்டுரை எழுதினார். அந்தச் சர்ச்சையில் அரியக்குடியார் பெயரும் அடிபட்டது. தேசிகர் பாடிய மேடையில் பாட மறுத்தார் என்பது அவர்மேல் சொல்லப்பட்ட குற்றச்சாட்டு. அதே அரியக்குடியார்தான் ஆண்டாளின் திருப்பாவை முப்பதுக்கும் மெட்டமைத்தவர். மார்கழி விடியலில் உன் அப்பத்தா முணுமுணுப்பது அவர் போட்ட மெட்டு. இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் வரலாறு ஆகாது, துதியோ வசையோதான் ஆகும்.

எதிர்ப்பக்கத்திலும் நம்மவர்கள்தான் நின்றார்கள். கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாட்டைக் கூட்டினார். 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு தமிழில் பாடுங்கள் என்று கேட்பதற்கே மாநாடு போட வேண்டியிருந்த காலம் அது. பண்ணிசைக்கும் தமிழ்ப் பாட்டுக்கும் மேடை கிடைத்ததில் வட்டிக்கடைப் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பர்மாவிலும் மலாயாவிலும் சம்பாதித்ததை வீட்டுத் தூணில் மட்டும் போட்டுவிடவில்லை என்று நாம் கொஞ்சம் நிமிர்ந்து சொல்லிக்கொள்ளலாம்.

இந்தத் தை மாதம் விடுமுறை கிடைத்தால் வா, போய்வரலாம். புதுக்கோட்டை வழியாகத் தஞ்சாவூர். அங்கிருந்து திருவையாறு 13 கிலோமீட்டர். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம் தாண்ட வேண்டும். பஞ்சமி அன்று காலையில், பாடிக்கொண்டே பிச்சை ஏற்கும் உஞ்சவிருத்தி ஊர்வலம் வரும், நாகசுரம் ஒலிக்கும். பிறகு புல்லாங்குழல்காரர்கள் பைரவி ராகக் கீர்த்தனை ஒன்றை வாசிப்பார்கள். அது ஓயவும் பந்தல் முழுவதும் ஒரே மூச்சில் பஞ்சரத்தினத்தின் முதல் ராகமான நாட்டையைப் பிடிக்கும். அடுத்தடுத்துக் கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. சரணம் ஒவ்வொன்றிலும் முதலில் ஸ்வரமாகப் பாடி, அதே மெட்டில் சொல்லைப் பாடுவார்கள். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும், தெலுங்கு தெரியாவிட்டாலும் நீ வழிதவற மாட்டாய். முன்வரிசையைப் பார்த்துக்கொண்டே இராதே. அங்கே பத்ம விருதுக்காரர்களும் கேமராவும் இருப்பார்கள். கடைசி வரிசையைப் பார். நோட்டுப் புத்தகத்தைத் தொடையில் விரித்து, எழுத்துக்கு மேல் விரலை நகர்த்திக்கொண்டே பாடுகிற பள்ளிக்கூடப் பெண் இருப்பாள். அவள் தாளம் ஓரிடத்தில் தப்பும். பக்கத்தில் இருக்கும் மாமி திரும்பிக்கூடப் பார்க்காமல், தன் தட்டைக் கொஞ்சம் ஓங்கிப் போட்டு அவளைச் சேர்த்துக்கொள்வார்.

தியாகராஜர் சமாதிக்கு எதிரே நாகரத்தினம்மாளின் சமாதியும் சிலையும் இருக்கின்றன. பலர் கவனிக்காமலே போய்விடுவார்கள். முதலில் அங்கே நின்று கும்பிட்டுவிட்டு உள்ளே போ. பஞ்சரத்தினம் முடிந்ததும் பாதிக் கூட்டம் அசோகா அல்வாவை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடும். நீ எழுந்துவிடாதே. வெயில் ஏறிய பிறகு, பேர் கேள்விப்படாத பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போவார்கள். அவர்களையும் கேட்டுவிட்டுப் புறப்படலாம். பஸ் சாயங்காலமும் உண்டு.

அன்புடன்,
ஐயா