அப்பாவின் பேச்சை எடுக்கலாமா?

கேள்வி: ஒரகடத்தில் வெல்டராக இருந்த என் கணவர் புற்றுநோயில் போய் ஓராண்டு ஆகப்போகிறது. ஏழு வயது மகன் அப்பாவைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறேன். சரிதானா? – ஒரு வாசகி, வல்லம் வடகால்

பதில்: மாற்றாதீர்கள், சகோதரி. நீங்கள் சொல்லாவிட்டால் அவனுக்கு அப்பாவின் கடைசி மாதங்களும் ஆஸ்பத்திரி வாடையும்தான் மிஞ்சும். அதற்கு முந்தைய மனிதரைச் சொல்லுங்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவர், படுக்கப் போகுமுன் அவனிடம் என்ன கேட்பார்? தீப்பொறி பட்டுப் பொத்தல் விழுந்த யூனிஃபார்ம் சட்டை இருந்தால் அவன் கையிலேயே கொடுங்கள், அந்தப் பொத்தல்களை விரலால் தொட்டுப் பார்க்கட்டும். சொல்லும்போது உங்களுக்கு அழுகை வந்தால் வரட்டும்.

நோயின் பெயரையும் மறைக்க வேண்டாம். உங்கள் மாவட்டத்துக்காரரான அறிஞர் அண்ணா இதே நோயில்தான் 1969 பிப்ரவரி 3 அன்று, 59 வயதில், இராணி அம்மையாரையும் வளர்ப்பு மகன்களையும் விட்டுப் போனார். காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசுப் புற்றுநோய் மருத்துவமனைக்கு அவர் பெயர்தான். இந்த நோய் தொட்டால் ஒட்டாது, தன் குறும்பால் அப்பாவுக்கு வந்ததில்லை என்பதைப் பிள்ளைக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். கேட்காமலே பல குழந்தைகள் தன்னால்தான் வந்தது என்று நினைத்துக்கொண்டு தவிக்கும்.

இன்னொன்று. பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்தில் கணவர் இருந்திருந்தால் உங்களோடு மகனுக்கும் 25 வயது வரை ஓய்வூதியம் உண்டு. அதற்கான 10-டி படிவம் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே கம்பெனி எச்.ஆரைப் பாருங்கள்.