நீல டிக் போதுமா?

இரவு இரண்டு மணி என்று வைத்துக்கொள்வோம். லேபிலிருந்து வார்டு வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு ரிப்போர்ட் வருகிறது: பொட்டாசியம் 6.8. இதயத் துடிப்பே தடம் புரளக்கூடிய அளவு. குழுவில் இருபது பேர். எட்டுப் பேர் திறந்து பார்த்தாயிற்று. 'யாராவது கவனித்திருப்பார்கள்' என்று எட்டுப் பேருமே நினைத்துக்கொண்டார்கள். நோயாளி பக்கத்தில் போய் நின்றவர் ஒருவருமில்லை.

போன் வந்த பிறகு ஆஸ்பத்திரியில் செய்தி ஓடும் வேகம் கூடியிருக்கிறது. ஆனால் செய்தி போய்ச் சேர்ந்தாலே ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டார் என்று எண்ணுவதில்தான் சிக்கல். வார்டுகளில் உலவும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: நீல டிக் வந்துவிட்டது, டாக்டருக்குத் தெரிந்துவிட்டது.

உண்மை: செய்தி திரையில் திறந்தது என்பதை மட்டுமே நீல டிக் சொல்லும். படித்தாரா, தூக்கக் கலக்கத்தில் விரல் பட்டதா என்று அதற்குத் தெரியாது. குழுவிலோ கடைசி உறுப்பினரும் திறந்த பிறகுதான் நீலம் ஏறும். அவசரச் செய்திக்குப் பழைய முறையே பாதுகாப்பு: பொறுப்பான ஒருவரை அழைத்துப் பேச வேண்டும், கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், நேரத்தோடு கேஸ் ஷீட்டில் குறிக்க வேண்டும்.

எப்படிப் பேசுவது என்பதற்கும் ஒரு வரிசை உண்டு. இப்போது என்ன நிலை, இதற்கு முன் என்ன நடந்தது, என் கணிப்பு என்ன, உங்களிடமிருந்து என்ன வேண்டும். 'எஸ்பார்' எனப்படும் இந்த நான்கு படி முறை, அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்தது. "டாக்டர், பேஷண்ட் ஒரு மாதிரியா இருக்காங்க" என்பது ஒரு போன். "பொட்டாசியம் 6.8, ஏற்கெனவே கிட்னி பிரச்சினை உள்ளவர், ஈசிஜி மாறியிருக்கு, உடனே வாங்க டாக்டர்" என்பது இன்னொரு போன். எது ஆளை எழுப்பும் என்று சொல்லவே வேண்டாம்.

நம்பிக்கை: போனில் ஆர்டர் வந்தால் கையெழுத்துக் குழப்பம் இல்லை.

உண்மை: வாட்ஸ்அப்பில் வருவது பல நேரம் கையால் எழுதிய சீட்டின் படம்தான். யூனிட் என்பதற்கு 'யூ' என்ற ஒற்றை ஆங்கில எழுத்தைப் போட்டால் அது பூஜ்யம்போலத் தெரியும். 10 யூனிட் இன்சுலின் 100 ஆகிவிடும். 1.0 என்று எழுதினால் புள்ளி கண்ணில் படாமல் 10 ஆகும். டைப் செய்தாலோ, மருந்தின் பெயரை போனே 'திருத்தி' வைக்கும். '12ஆம் பெட்' என்று மட்டும் எழுதுவது இன்னும் மோசம்: மாலையில் அந்தப் படுக்கைக்கு வேறு ஆள் மாறியிருக்கலாம். பெயரும் உள்நோயாளி (ஐபி) எண்ணும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

நம்பிக்கை: வாட்ஸ்அப்பில் என்கிரிப்ஷன் இருக்கிறது, ரகசியம் வெளியே போகாது.

உண்மை: 2016 முதல் அந்தப் பூட்டு இருப்பது நிஜம். அது வழியில் யாரும் ஒட்டுக்கேட்காமல் காக்கும். இறங்கிய இடத்தைக் காக்காது. படம் போன் கேலரியில் கல்யாண போட்டோவுக்குப் பக்கத்தில் போய் உட்காரும். வீட்டில் குழந்தை விளையாடும்போது எட்டிப் பார்க்கும். ஒருவர் ஃபார்வர்டு செய்தால் கதை முடிந்தது. ஒருவருடைய எச்ஐவி நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. குழுவில் போடும் ஒற்றை வரியும் அப்படி வெளியிடுவதாகிவிடலாம்.

நம்பிக்கை: பெயரை மறைத்துவிட்டால் அபூர்வ கேஸைப் பேஸ்புக்கில் போடலாம்.

உண்மை: எக்ஸ்ரேயின் மூலையில் பெயர் இருக்கும். கையில் பச்சை குத்தியிருக்கும். ஊரும் தேதியும் சொன்னால் அக்கம்பக்கத்தார் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆளை அடையாளம் காணும்படியான படத்தையோ கேஸ் விவரத்தையோ அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்று இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைகளே சொல்லிவிட்டன.

நம்பிக்கை: போனில் வைத்தியம் சொல்வது சட்டவிரோதம்.

உண்மை: இல்லை. 2020 மார்ச் 25இல் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள், வாட்ஸ்அப் உள்ளிட்ட வழிகளில் பதிவுபெற்ற மருத்துவர் ஆலோசனை தருவதை ஏற்கின்றன. எல்லையும் உண்டு: போதை மருந்துச் சட்டத்துக்குள் வரும் மருந்துகளை எழுதக் கூடாது, ஆலோசனையின் பதிவை வைத்திருக்க வேண்டும், அவசர நிலையில் நோயாளியைச் சீக்கிரம் நேரில் காட்டச் சொல்ல வேண்டும்.

நம்பிக்கை: நர்ஸ் கையில் போன் இருந்தால் வேலை நடக்கவில்லை.

உண்மை: அவர் மருந்தின் அளவைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கலாம். தமிழகத்தின் கிராம சுகாதார செவிலியர்களுக்குக் கர்ப்பிணிகளின் விவரத்தைப் 'பிக்மி' தளத்தில் ஏற்றுவதே ஒரு வேலை. ஆனால் ஊசி மருந்தை எடுக்கும் நேரத்தில் போன் ஒலித்தால் கவனம் சிதறும். கை கழுவிய பின் போனைத் தொட்டால் கழுவிய பயன் போயிற்று.

நோயாளியோடு இருப்பவர்களுக்கும் பணியில் இருப்பவர்களுக்கும் ஒரே வேண்டுகோள்தான். அடுத்த முறை "அனுப்பியாச்சா?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார்?" என்றும் கேளுங்கள்.