வளவு வேலைக்கு முன்வாளி உழவு இயந்திரம்: தெரிந்தெடுக்கும் முறை

எருக் குவியலைத் தோட்டத்திற்குக் கொண்டுசெல்லல், பள்ளத்தை மண்ணிட்டு நிரப்பல், மாரி வெள்ளம் அரித்த பாதையைச் செப்பனிடல், தறித்த தென்னங் குற்றிகளை அப்புறப்படுத்தல் ஆகியவை முதுகை முறிக்கும் வேலைகளாகும். இவற்றுக்குக் கூலியாள் கிடையாதபோது, உழவு இயந்திரத்தின் முன்புறத்திற் பூட்டப்பட்டு எண்ணெய் அமுக்கத்தால் உயர்ந்து தாழும் வாளியைக் கமக்காரர் நாடுவது இயல்பே. லோடர் எனப்படும் இவ்வுபகரணம் இப்பிரசுரத்தில் முன்வாளி என்று குறிக்கப்படும்.

இயந்திரம் வாங்குவோர் பெரும்பாலும் முதலில் வினவுவது அதன் பரிவலுவையாகும். உழவுக்கு அது முக்கியமே. முன்வாளி வேலைக்கோ இயந்திரத்தின் நிறை, முன்னச்சின் பலம், பின்புறத்து எதிர்ப்பாரம் ஆகிய மூன்றுமே முதன்மையானவை. இவற்றைக் கவனியாது வாங்கிய இயந்திரம் ஒருநாள் கவிழுமாயின், முதலீட்டுடன் ஓட்டுபவரின் உயிரும் போகக்கூடும்.

1. தேவையைக் கணக்கிடுதல்

மரக்கறிப் பயிருக்கு ஹெக்டேயருக்கு 10 தொன் சேதன எரு இடுவதாகக் கொள்வோம். இது ஏக்கருக்கு ஏறத்தாழ 4 தொன் ஆகும். எட்டுப் பரப்பு, அதாவது அரை ஏக்கர் தோட்டமுடையவருக்கு ஒரு போகத்திற்கு 2 தொன் போதும். வாளிக்கு 150 கிலோகிராம் வீதம் அள்ளினால் 14 வாளியில் வேலை முடிந்துவிடும். இத்துணைச் சிறு வேலைக்காக இயந்திரம் வாங்குதல் வீண்செலவாகும். வாடகைக்கு அமர்த்துதலே இலாபம். ஐந்து ஏக்கர் உடையவருக்கோ 20 தொன், அதாவது 130க்கு மேற்பட்ட வாளிகள் தேவை. அத்துடன் பாதை, வரம்பு, மாட்டுக்கொட்டில் வேலைகளும் ஆண்டு முழுவதும் உண்டாயின், சொந்த இயந்திரத்தைப்பற்றிச் சிந்திக்கலாம்.

வடபகுதியில் லான்ட்மாஸ்டர் என்று வழங்கும் இருசில்லு உழவு இயந்திரம் முன்வாளி வேலைக்கு ஏற்றதன்று. அதன் நிறை முழுவதும் ஓரச்சிலேயே நிற்பதால் முன்னே பாரம் ஏற்றினால் குப்புற விழும். சேற்றுழவும் பெட்டி இழுத்தலுமே அதற்குரிய வேலைகள். முன்வாளிக்கு நாற்சில்லு இயந்திரமே வேண்டும்.

2. பாரமும் சமநிலையும்

ஒரே வாளியில் வெவ்வேறு பொருள்கள் வெவ்வேறு நிறையுடையனவாகும். ஒரு கனமீற்றரில் ஐந்திலொரு பங்கு கொள்ளும் வாளியில் மக்கிய எரு ஏறத்தாழ 150 கிலோகிராம் இருக்கும். அதே வாளியில் ஈரமண்ணை நிரப்பினால் ஏறத்தாழ 360 கிலோகிராம் ஆகும். ஆதலால் எருவுக்குப் பொருந்திய வாளி ஈரமண்ணுக்கும் பொருந்துமெனக் கொள்ளுதல் தவறு.

முன்வாளி பூட்டிய இயந்திரம் ஒரு தராசுக்கோலைப் போன்றது. முன்னச்சே அதன் தாங்குபுள்ளி. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைத்தூரம் 1.5 மீற்றர் எனவும், முன்னச்சுக்கு 1 மீற்றர் முன்னால் வாளியில் 300 கிலோகிராம் பாரம் உள்ளது எனவும் கொள்வோம். அப்போது பின்னச்சு 200 கிலோகிராம் நிறையை இழக்கும். முன்னச்சு 500 கிலோகிராம் நிறையைக் கூடுதலாகச் சுமக்கும். வாளியிலுள்ளது 300 கிலோகிராமே எனினும் முன்னச்சு உணர்வது 500 ஆகும் என்பதை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

இனி, பின்னச்சுக்கு 80 சென்ரிமீற்றர் பின்னால் 200 கிலோகிராம் எதிர்ப்பாரத்தைப் பூட்டினால், பின்னச்சின் நிறை ஏறத்தாழ 307 கிலோகிராமாற் கூடும். முன்னச்சின் சுமையோ 107 கிலோகிராமாற் குறையும். மும்முனை இணைப்பிற் பூட்டிய கொங்கிறீற்றுப் பெட்டியோ பாரமான கலப்பையோ இதற்கு உதவும். பின்ரயர்களில் முக்காற் பங்குவரை நீர் நிரப்புதலும் நன்று. எனினும் ரயரிலுள்ள நீர் பின்னச்சை நிலத்தில் அழுத்துமேயன்றி முன்னச்சின் சுமையைக் குறைக்காது.

3. வாங்கும்போது நோக்கவேண்டியவை

(அ) தூக்கும் அளவு: இது பெரும்பாலும் வாளி பூட்டும் ஆணியினிடத்தில் அளந்து கூறப்படுவதாகும். பாரமோ ஆணிக்கு முன்னால் வாளியினுள் இருக்கும். ஆதலால் உண்மையில் தூக்கக்கூடியது கூறப்பட்டதிலும் குறைவே. எவ்விடத்தில், எவ்வுயரத்தில் அளந்தது என வினவுதல் வேண்டும்.

(ஆ) நாற்சில்லு வலு: முன்சில்லுகளுக்கும் வலு செல்லும் இயந்திரமே ஏற்றது. வாளியிற் பாரம் ஏறப் பின்சில்லுகளின் பிடி தளரும். தடுப்பு பின்சில்லுகளில் மாத்திரம் உள்ள இயந்திரத்தில், சரிவில் இறங்கும்போது முன்சில்லு வலுவை இணைத்தால் முன்சில்லுகளும் தடுப்பில் உதவும்.

(இ) சுக்கான்: முன்னச்சின் பாரம் காரணமாக, எண்ணெய் அமுக்கத்தால் உதவிபெறும் சுக்கான் அவசியம்.

(ஈ) முன்பின் செலவு: மண் அள்ளுகையில் இயந்திரம் இடையறாது முன்னும் பின்னும் செல்லும். ஒவ்வொரு முறையும் கிளச்சை மிதித்துக் கியர் மாற்ற வேண்டிய இயந்திரத்தில் ஓட்டுபவர் விரைவிற் களைப்படைவார், கிளச்சும் தேயும். ஒரு நெம்பாலோ மிதியாலோ திசைமாற்றும் அமைப்பு நன்று.

(உ) பாதுகாப்புச் சட்டம்: கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டமும் ஆசனப் பட்டியும் இருத்தல் வேண்டும். சுவீடன் தேசம் 1959ஆம் ஆண்டிலேயே புதிய உழவு இயந்திரங்களுக்கு இச்சட்டத்தைக் கட்டாயமாக்கியது. சட்டமும் பட்டியும் இணைந்தே பயன்தரும். பட்டி அணியாதவர் வெளியே எறியப்பட்டுச் சட்டத்தின் கீழேயே நசுங்கக்கூடும்.

4. பாவித்த இயந்திரம் வாங்குதல்

யப்பானிலிருந்து வந்த பாவித்த சிறு உழவு இயந்திரங்கள் இலங்கையில் விற்கப்படுகின்றன. அவை வயலுழவுக்கென அமைந்தவை. எல்லாவற்றிலும் முன்வாளி தாங்கும் முன்னச்சு இராது. பின்னர் இங்கு செய்து பூட்டிய வாளியாயின், அதன் சட்டகம் இயந்திரத்தின் முன்மூக்கில் மாத்திரம் பூட்டப்பட்டுள்ளதா, பின்னச்சுவரை தொடர்ந்து தாங்கப்பட்டுள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். முதலாவது வகையை விலக்குக.

ஒட்டிய வெடிப்புகள், தேய்ந்த ஆணிகள், முன்னச்சில் எண்ணெய்க் கசிவு ஆகியவற்றைத் தேடுக. பின்னர் வாளியிற் சிறிது மண்ணிட்டு, தரையிலிருந்து அரை மீற்றர் உயர்த்தி இயந்திரத்தை நிறுத்துக. சில நிமிடங்களில் வாளி தெளிவாகத் தாழுமாயின் உருளையோ வால்வோ தேய்ந்துள்ளது. சோதனையின்போது வாளியின் கீழ் எவரும் நிற்றலாகாது. உதிரிப்பாகங்கள் அண்மைப் பட்டணத்திற் கிடைக்குமா என அறிந்த பின்னரே விலை பேசுக.

5. வேலை செய்யும்போது

• பாரத்துடன் செல்லும்போது வாளி, தரையிற் படாத அளவிற்குத் தாழ்ந்தே இருத்தல் வேண்டும். உயர்த்திய வாளியுடன் திரும்புதலே கவிழ்வதற்குப் பெருங் காரணம்.

• சரிவிற் குறுக்கே செல்லற்க. பாரமான வாளி எப்பொழுதும் மேட்டுப்பக்கமாக இருத்தல் வேண்டும்; ஏறும்போது முன்னோக்கியும் இறங்கும்போது பின்னோக்கியும் செலுத்துக.

• வாய்க்கால், கட்டில்லாக் கிணறு ஆகியவற்றின் விளிம்பிலிருந்து அவற்றின் ஆழத்தின் அளவு தூரமேனும் விலகி நிற்க.

• தேங்காய் பறிக்கவோ ஓலை வெட்டவோ வாளியில் ஆளை ஏற்றி உயர்த்துதல் ஒருபோதும் ஆகாது. மேலே மின்கம்பி உண்டோ எனவும் பார்க்க.

• போர் நடந்த பகுதிகளில், கண்ணிவெடி அற்றதென உறுதிசெய்யப்படாத நிலத்தில் வாளியால் தோண்டுதல் கூடாது.

முடிவாக, வாங்க எண்ணுவோர் ஓராண்டு வேலைகளைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றிலும் அள்ளவேண்டிய பொருளையும் அதன் நிறையையும் குறித்துக்கொள்ளுதல் நன்று. அவற்றுள் மிகப் பாரமானதைத் தன் சொந்த நிறையாலும் எதிர்ப்பாரத்தாலும் அசையாது தாங்கும் இயந்திரமே ஏற்ற இயந்திரமாகும். அத்தாளுடன் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்திற் கண்டு ஆலோசித்த பின்னரே முற்பணம் கொடுப்பது விவேகமாகும்.