நவாபுகளின் சண்டையில் சிப்பாய்கள்

சித்தூரும் திருப்பதியும் ஒரு காலத்தில் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சியில் இருந்தன. 1740-இல் மராட்டியர் படையெடுத்து வந்தார்கள். பாகாலாவுக்கு அருகில் உள்ள தாமல்செருவில் சண்டை நடந்தது. இன்று அந்த ஊர் மாங்காய் மண்டிக்குப் பெயர் போனது. அன்று அங்கே நவாப் தோஸ்த் அலி செத்து விழுந்தார்.

சில ஆண்டுகளில் நவாப் பதவி அன்வருதீனுக்குப் போனது. தோஸ்த் அலியின் மருமகன் சந்தா சாகிபு இதை ஏற்கவில்லை. 1749-இல் ஆம்பூர்ப் போரில் அன்வருதீன் கொல்லப்பட்டார். அவருடைய மகன் முகமது அலி திருச்சிக்கு ஓடினார். ஒரே நாட்டுக்கு இரண்டு நவாபுகள்! சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. முகமது அலிக்கு ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி துணை.

ஆனால் இரண்டு பக்கமும் பெரும்பாலும் சண்டை போட்டவர்கள் இந்த நாட்டு ஆட்களே. முதலில் பிரெஞ்சுக்காரரும், பிறகு ஆங்கிலேயரும் அவர்களைச் சம்பளத்துக்குச் சேர்த்தார்கள். துப்பாக்கி கொடுத்துப் பழக்கினார்கள். அவர்களுக்குச் சிப்பாய்கள் என்று பெயர்.

1751-இல் ராபர்ட் கிளைவ் சென்னையிலிருந்து ஆர்க்காட்டுக்குப் புறப்பட்டார். அவருடன் 200 வெள்ளையரும் 300 சிப்பாய்களும் போனார்கள். கோட்டை சண்டை இல்லாமலே கிடைத்தது. உடனே சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபு வந்து கோட்டையைச் சுற்றி வளைத்தார். முற்றுகை 50 நாள் நீடித்தது. உணவு குறைந்தது. சிப்பாய்கள் சோற்றை வெள்ளையருக்குக் கொடுத்தார்களாம். தாங்கள் கஞ்சித் தண்ணீரைக் குடித்தார்களாம். இது பல ஆண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்ட கதை. வெள்ளைக்காரருக்கு மிகவும் பிடித்த கதை. அதனால் அப்படியே நம்ப முடியவில்லை. ஆனால் கடைசித் தாக்குதலின்போது சண்டைக்குத் தகுதியாக இருந்த சிப்பாய்கள் 120 பேர்தான். எதிரி பின்வாங்கினான். புகழ் கிளைவுக்குப் போனது.

சரி, இந்தப் போருக்குப் பணம் யார் கொடுத்தது? கம்பெனி செலவுக் கணக்கை முகமது அலியிடம் நீட்டியது. அவரிடம் பணம் இல்லை. திருப்பதிக் கோயில் வருமானத்தைக் கடனுக்கு எழுதிக் கொடுத்தார். ஏழைப் பக்தர்கள் முடிந்து வைத்துக் கொண்டுவந்த காணிக்கையும் இப்படிப் போருக்குப் போனது. 1753-இல் முகமது கமால் என்பவன் திருப்பதியைப் பிடிக்க வந்தான். அங்கும் சிப்பாய்கள் போய்ச் சண்டை போட்டார்கள். அவன் தோற்று உயிரிழந்தான்.

சந்தா சாகிபு 1752-இலேயே கொல்லப்பட்டிருந்தார். வென்ற முகமது அலியோ கடனில் மூழ்கினார். 1801-இல் சித்தூர் உட்பட நாடு முழுவதும் கம்பெனியின் கைக்குப் போனது. நவாபின் குடும்பத்துக்கு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் மிஞ்சியது.

சிப்பாய்கள் ஆரம்பத்தில் சிறு சிறு கூட்டங்களாகவே இருந்தார்கள். 1758-இல் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் என்ற தளபதி அவர்களைப் பட்டாளங்களாகச் சேர்த்தார். இன்றைய இந்திய ராணுவத்தின் மதராஸ் ரெஜிமென்ட் அந்த 1758-ஐயே தன் பிறந்த ஆண்டாகக் கொள்கிறது. அதன் பயிற்சி மையம் நீலகிரியில், வெல்லிங்டனில் இருக்கிறது.