வியர்வைச் சுரப்பியின் நீர்க்கட்டிகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கண்ணிமையின் விளிம்பிலோ கன்னத்திலோ வலியின்றித் தோன்றி, பளபளப்பாகவும் சற்றே நீலம் பாய்ந்தும் நிற்கும் சிறு கட்டி உடற்சூட்டினால் வந்தது என்றும், ஊசியால் குத்தி நீரை வெளியேற்றிவிட்டால் தீர்ந்துவிடும் என்றும் பலர் நம்புகின்றனர். ஹைட்ரோசிஸ்டோமா என்று மருத்துவர்கள் அழைக்கும் இது, வியர்வைச் சுரப்பியிலோ அதன் நாளத்திலோ நீர் தேங்கி உருவாகும், புற்றுத்தன்மையற்ற பையாகும். சீழ் கோத்துச் சிவந்து வலிக்கும் கண்கட்டியாக இதைக் கருதிவிடுவதால்தான் நாமக்கட்டியை இழைத்துப் பூசும் வழக்கம் இதற்கும் நீள்கிறது. அப்பூச்சு இந்தப் பையைக் கரைப்பதில்லை.

சூடு பற்றிய நம்பிக்கையை முற்றிலும் தள்ளிவிடவும் இயலாது. இக்கட்டி எழும் வியர்வைச் சுரப்பிகள் இருவகை. மனிதத் தோலில் ஏறக்குறைய உடல் முழுதும் பரவி, நீர்த்த வியர்வையைச் சுரந்து உடலைக் குளிர்விப்பவை எக்ரைன் சுரப்பிகள். அக்குள், இமை விளிம்பு போன்ற சில இடங்களில் மட்டும் மயிர்க்கால்களை ஒட்டி அமைந்து, கெட்டியான சுரப்பைத் தருபவை அப்போக்ரைன் சுரப்பிகள். 1893 இல் ராபின்சன் என்னும் மருத்துவர் முதன்முதலில் விவரித்த இக்கட்டி நோயாளிகள், வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில் வேலை செய்த சமையற்காரப் பெண்களும் சலவைப் பெண்களுமே ஆவர். முகத்தில் பலவாகத் தோன்றும் எக்ரைன் வகைக் கட்டிகள் கோடையில் பெருத்து, குளிர்காலத்தில் சுருங்குவது இன்றும் காணப்படுகிறது. ஆயினும் அங்கே காரணமாவது அடுப்பின் அனலும் புழுக்கமுமே அன்றி, மாம்பழமோ கோழிக்கறியோ உண்டதனால் ஏறியதாகச் சொல்லப்படும் சூடு அன்று. தனித்தெழும் அப்போக்ரைன் வகைக்குக் கோடையோடு அத்தகைய உறவும் இல்லை.

ஊசியால் குத்துவது பயனற்றது மட்டுமன்று, கண்ணருகே அபாயமானதும் ஆகும். பையின் உட்சுவரில் உள்ள உயிரணுக்கள் அப்படியே எஞ்சி மீண்டும் சுரப்பதால், வடிந்த நீர் நாளடைவில் திரும்ப நிறைகிறது. சுவரோடு சேர்த்து அகற்றினால்தான் கட்டி மீளாதிருக்க வாய்ப்பு மிகுதி. எண்ணிக்கை பெருகி அறுவை கடினமாகும்போது லேசர், மின்சாரத்தால் சுடுதல் முதலியவற்றை மருத்துவர்கள் கையாளுகின்றனர்.

நீல நிறம் கெட்ட இரத்தத்தின் அடையாளம் என்பதும் பிழையே. உள்ளிருக்கும் நீர்மத்தில் ஒளி சிதறுவதே அந்நிறத்துக்குப் பெரும்பாலும் காரணம். ஆனால் அடித்தள உயிரணுப் புற்று என்னும் தோற்புற்றின் ஒரு வகையும் இதே தோற்றத்தில் வரக்கூடுமாதலால், ‘தீங்கற்றது’ என்னும் தீர்ப்பைக் கண் மட்டும் சொல்லலாகாது. அகற்றிய திசுவை நுண்ணோக்கியில் பார்த்தே அது உறுதி செய்யப்பட வேண்டும். இமைகளில் இத்தகைய கட்டிகள் பல எழுந்து, கூடவே பற்கள் குறைந்தும் உள்ளங்கை தடித்தும் இருப்பின், 1971 இல் விவரிக்கப்பட்ட ஷோப்ஃப்–ஷூல்ஸ்–பாஸார்ஜ் என்னும் மரபுவழி நோய்க்குறித்தொகுதியை மருத்துவர் எண்ணிப் பார்ப்பார்.

நாய்க்கும் பூனைக்கும் வியர்ப்பதில்லை, ஆகவே இக்கட்டியும் வராது என்பது இன்னொரு நம்பிக்கை. அவற்றின் எக்ரைன் சுரப்பிகள் பாதத் திண்டுகளில் அடங்கிவிட்டாலும், மயிர் மூடிய தோலெங்கும் அப்போக்ரைன் சுரப்பிகள் உண்டு. உடலைக் குளிர்விப்பதில் அவற்றின் பங்கு அற்பமானதால்தான் நாய் இரைக்கிறது. நடுவயதைக் கடந்த நாய்களின் தலையிலும் கழுத்திலும், பாரசீகப் பூனைகளின் இமைகளிலும் இந்நீர்ப்பைகள் காணப்படுகின்றன. நாய்களில் அப்போக்ரைன் புற்றும் உண்டு என்பதால், நீரின்றித் திண்மையாக வளரும் கட்டியிலிருந்து மெல்லூசியால் உயிரணுக்களை எடுத்துச் சோதிப்பது இன்றியமையாதது. பூனையின் காதில், குறும்பியைச் சுரக்கும் மாறுபட்ட அப்போக்ரைன் சுரப்பிகளிலிருந்து கருநீலக் கட்டிகள் கொத்தாக எழுவதுண்டு. கருமை நிறத்தால் மெலனோமா என்னும் கொடிய புற்றாக எண்ணப்படும் இவை பெரும்பாலும் தீங்கற்றவையே; எனினும் செவிக்குழலை அடைத்து அழுக்கைத் தேங்கச் செய்து, ஓயாத காதழற்சியைத் தோற்றுவிப்பதால், அந்நிலையில் லேசராலோ அறுவையாலோ அவற்றை அகற்ற வேண்டியிருக்கிறது.