வைத்தமாநிதி காட்டும் நிறைவு

அரிசிப் பானை வெறுமையுற்றால், ‘அரிசி இல்லை’ என்று சொல்லத் தமிழகத்து மூதாட்டியர் மனம் ஒப்புவதில்லை. ‘அரிசி நிறைந்திருக்கிறது’ என்றே கூறுவர். இலக்கண நூலார் இதனை மங்கல வழக்கு என்பர். வெறும் பானையை நோக்கி நிறைவைச் சொல்லும் இச்சொல்லில், படியளப்பவன் ஒருவன் உளன் என்னும் நம்பிக்கையும் அடங்கியிருக்கிறது.

ஓட்டப்பிடாரம் வட்டாரத்து மக்களுக்கு இந்நம்பிக்கையின் அருமை நன்கு தெரியும். வானம் பார்த்த கரிசல் பூமி அது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பொழிந்தால் கம்பும் சோளமும் உளுந்தும் பருத்தியும் விளையும். பொய்த்தால் களம் வெறிச்சோடும். கிழக்கே தூத்துக்குடிக் கடலின் இயல்பும் இதுவே. முத்துப் பார்கள் சில ஆண்டுகளில் வாரி வழங்கின. பல ஆண்டுகள் தொடர்ந்து வெறுமையாகவும் கிடந்தன. 1961ஆம் ஆண்டுக்குப் பின் அப்பார்களில் பெருமுத்துக்குளிப்பு நிகழவே இல்லை. நிலமும் கடலும் இவ்வாறு தந்தும் மறுத்தும் நிற்குமாயின், மனிதன் நிறைவை எங்கே காண்பது? இவ்வினாவுக்குரிய விடை, தாமிரபரணியின் தென்கரையிலுள்ள திருக்கோளூரில் கிடைக்கிறது.

நிதியும் மரக்காலும்

நவதிருப்பதிகளுள் ஒன்றாகிய திருக்கோளூரில் எம்பெருமான் வைத்தமாநிதி என்னும் திருநாமத்துடன் சயனத் திருக்கோலத்தில் சேவை சாதிக்கிறான். குபேரன் சாபத்தினால் தன் நவநிதிகளையும் இழந்தான் என்றும், அந்நிதிகள் புகலிடம் தேடி இப்பெருமானைச் சரணடைந்தன என்றும், குபேரன் இங்கு வந்து வழிபட்டு அவற்றில் ஒரு பகுதியை மீளப் பெற்றான் என்றும் தலபுராணம் கூறும். செல்வத்துக்கே அதிபதி எனப்பட்டவனும் அதன் உடைமையாளன் அல்லன். சிறிது காலம் காத்துவரும் பொறுப்பே அவனுக்கு உரியது என்பது இவ்வரலாற்றின் உட்கருத்து.

பெருமானின் திருமுடிக்குக் கீழே தலையணையாக இருப்பது ஒரு மரக்கால். பொன்னும் மணியும் தன்னிடம் வந்து சேர்ந்திருக்க, நெல் அளக்கும் கருவியை அவன் தலைக்கு அணையாகக் கொண்டது ஏன்? குவியலாகக் கிடக்கும் நெல் எவர் பசியையும் தீர்ப்பதில்லை. அளந்து கொடுக்கப்பட்ட பின்னரே அது உணவாகிறது. களத்துமேட்டில் நெல் அளக்கும் உழவர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என எண்ணாமல் ‘லாபம்’ என்று கூறுவதும் இங்கு நினைக்கத்தக்கது. தனக்கென ஒதுக்கும்போதும், பிறருக்கென அளக்கும்போதும் அவர்கள் வாயில் எழும் முதற்சொல் அதுவே.

அன்னத்தின் நிறைவு

வைணவப் பரிபாஷையில் ரசம் சாற்றமுது, காய்கறி கறியமுது, பாயசம் திருக்கண்ணமுது, சமைப்பது தளிகை, உண்பது அமுது செய்தல். எளிய உணவும் எம்பெருமானுக்கு நிவேதிக்கப்பட்டபின் அமுதாகிறது என்பதே இச்சொற்களின் கருத்து. அடியார்களுக்கு அமுது படைக்கும் ததீயாராதனம் பெருங்கைங்கரியமாகப் போற்றப்படுவதும் இதனாலேயே. நாள்தோறும் 1008 அடியார்களுக்கு ஓராண்டுக் காலம் அமுதளிக்க வேண்டும் என்று குமுதவல்லி நாச்சியார் விதித்த நியமத்தை ஏற்றுத் தம் செல்வம் அனைத்தையும் திருமங்கைமன்னன் கரைத்த வரலாறு அடியார் அறிந்ததே.

நம்மாழ்வார் திருவாய்மொழியில் திருக்கோளூருக்கு ஒரு பதிகம் அருளியுள்ளார். தன் மகள் வீட்டைத் துறந்து திருக்கோளூருக்குச் சென்றுவிட்டாள் என்று கலங்கும் ஒரு தாயின் கூற்றாக அது அமைந்துள்ளது. அம்மகளுக்குச் சோறும் நீரும் வெற்றிலையும் கண்ணனே ஆயினன். பூர்வாசாரியர்கள் இம்மூன்றையும் தாரகம், போஷகம், போக்யம் என்று விளக்குவர். உயிரைத் தாங்குவது தாரகம். அதை வளர்ப்பது போஷகம். இன்பம் தருவது போக்யம். உணவினால் மனிதன் வேண்டும் பயன்கள் அனைத்தும் இம்மூன்றனுள் அடங்கும்.

இவ்வூரில் அவதரித்த மதுரகவியாழ்வார், திருப்புளியின் அடியில் மௌனமாக வீற்றிருந்த நம்மாழ்வாரை முதன்முதல் கேட்ட கேள்வியும் உணவைப் பற்றியதே. சடமாகிய உடலினுள் பிறந்த உயிர் எதை உண்டு எங்கே கிடக்கும் என்று அவர் வினவினார். எதைப் பற்றிக் கிடக்கிறதோ அதையே உண்ணும் என்பது விடையின் கருத்து. உடலைப் பற்றிய உயிருக்கு உடலின் இன்பதுன்பங்களே உணவு. இறைவனைப் பற்றிய உயிருக்கு அவனே உணவு.

பக்தியின் நிறைவு

உடையவர் திருக்கோளூருக்கு எழுந்தருளியபோது, ஊரைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளையை எதிரில் கண்டார். எல்லோரும் புக விரும்பும் ஊரை நீ விட்டுப் போவது ஏன் என்று வினவினார். அவளோ, அக்ரூரர் முதலாக அடியார் பலர் செய்த அருஞ்செயல்களை 81 வார்த்தைகளில் அடுக்கி, அவற்றுள் ஒன்றையேனும் தான் செய்ததில்லையே என்று வருந்தினாள். முயலின் எச்சம் வயலில் கிடந்தாலும் வரப்பில் கிடந்தாலும் வேறுபாடு உண்டோ என்று தன்னையே தாழ்த்திக்கொண்டாள்.

தன்னிடம் ஏதுமில்லை என்று அவள் எண்ணினாள். ஆயின், 81 அடியார் செயல்களும் அவள் நெஞ்சில் வைத்த மாநிதியாக இருந்தன. அதனை உணர்ந்த உடையவர் அவளுடன் ஊருக்குத் திரும்பி, அவள் இல்லத்தில் அமுது செய்தருளினார் என்பர். தகுதியில்லை என்று ஊரை விட்டுப் புறப்பட்டவளுக்கு, ஆசாரியனுக்கே அமுது படைக்கும் பேறு வாய்த்தது. தம் பக்தி சிறிதென்று தயங்கி நிற்போர் எக்காலத்தும் உளர். அவர்களுக்கு இவ்வரலாறு பெரும் ஆறுதல்.

வாழ்வின் நிறைவு

ஓட்டப்பிடாரத்தில் 1872ஆம் ஆண்டு பிறந்த வ.உ. சிதம்பரனாரின் வாழ்வும் இங்கு எண்ணத்தக்கது. அவர் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தார். 1908இல் சிறைப்பட்டுச் செக்கிழுத்தார். 1912இல் விடுதலை பெற்றபோது கப்பலும் இல்லை. வழக்கறிஞர் தொழில் செய்யும் உரிமையும் பறிபோயிருந்தது. பின்னர் வறுமை வந்தது. அவ்வறுமையிலும் தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார். திருக்குறளுக்கு உரை கண்டார். 1936இல் அவர் மறைந்தபோது பொருட்செல்வம் எஞ்சவில்லை. ஆயினும், தம்மிடம் இருந்த ஆற்றல் அனைத்தையும் நாட்டுக்கும் தமிழுக்கும் அளந்து கொடுத்தவரின் வாழ்வைக் குறைவாழ்வு என்று எவரும் கூறார்.

வைகாசி உற்சவத்தின் ஐந்தாம் நாள் ஆழ்வார்திருநகரியில் ஒன்பது எம்பெருமான்கள் கருடவாகனத்தில் சேவை சாதிக்கும்போது, வைத்தமாநிதிப் பெருமானும் அவர்களுள் ஒருவனாய் எழுந்தருள்கிறான். சேவிக்க வரும் அன்பர்களுக்குக் கிடைக்கும் பிரசாதம் கையளவே. அதில் ஒரு சிறு பகுதியை மட்டும் வாயிலிட்டு, எஞ்சியதை இலையில் பொதிந்து, நடக்க இயலாமல் வீட்டிலிருக்கும் முதியவர்க்கும், உறங்கும் குழந்தைக்கும், அடுத்த வீட்டாருக்கும் எடுத்துச் செல்வது நம் நாட்டு வழக்கம். ஒருவர்க்கும் வயிறு நிறையப் போதாத அவ்வன்னம் பத்துப் பேர் நெஞ்சை நிறைக்கிறது. மரக்காலைத் தலைக்கு அணையாகக் கொண்டவன் அளந்து தரும் நிதி அதுவே.