சிபேப் மெஷின் சத்தம்: தூக்கத்தைக் கெடுப்பது எது?

கேள்வி: என் கணவருக்கு 56 வயது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று கண்டுபிடித்து, டாக்டர் சிபேப் மெஷின் எழுதிக்கொடுத்தார். குறட்டை அடியோடு நின்றுவிட்டது. ஆனால், மெஷின் சத்தம் எங்கள் இருவரையும் தூங்கவிடுவதில்லை. படுத்ததும் ‘உம்ம்’ என்று ஒரு ரீங்காரம். நடுராத்திரியில் ‘ஸ்ஸ்’ என்று காற்றடிக்கிறது. விடியற்காலையில் குழாய்க்குள் ‘களக் களக்’ என்று தண்ணீர்ச் சத்தம். பொறுக்க முடியாமல் இரண்டு மணி வாக்கில் அவர் மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுகிறார். மெஷினையே மாற்றிவிடலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அவசரப்பட்டு மாற்ற வேண்டாம் அம்மா. நீங்கள் சொல்லும் மூன்று சத்தமும் மூன்று இடத்திலிருந்து வருகின்றன. அவற்றில் இரண்டுக்கும் மெஷினின் மோட்டாருக்கும் சம்பந்தமே இல்லை.

மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி, தூக்கத்தில் மூச்சுப்பாதையைத் திறந்தே வைப்பதுதான் சிபேப். ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981-ல் இந்தச் சிகிச்சையை உலகுக்கு அறிவித்தார். அந்தக் காலத்து மெஷின்களில் வேக்குவம் கிளீனர் மோட்டார்தான் ஓடியது. சத்தம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். இன்று வரும் மெஷின்கள் பெரும்பாலும் 25 முதல் 30 டெசிபெலுக்குள் ஓடுகின்றன. படுக்கையறையில் தொடர்ந்து கேட்கும் சத்தம் 30 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சரியாக ஓடும் மெஷின் இந்த அளவுக்குள் அடங்கிவிடும். தாண்டுகிறது என்றால் மேஜை, மாஸ்க், குழாய் இந்த மூன்றையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

‘உம்ம்’ என்ற ரீங்காரம்

பகலில் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்துவிட்டு மெஷினை ஓடவிடுங்கள். ஓடும்போதே இரண்டு கைகளாலும் மேஜையிலிருந்து லேசாகத் தூக்கிப் பாருங்கள். ரீங்காரம் சட்டென்று குறைந்தால் குற்றவாளி மேஜைதான். பிளைவுட் பெட்டியும் கண்ணாடி போட்ட டீப்பாயும் மோட்டாரின் அதிர்வை வாங்கிப் பெரிதாக்கும். மெஷினுக்கு அடியில் ஒரு ரப்பர் மேட் போட்டால் போதும். கம்ப்யூட்டர் மவுஸ் பேடுகூடச் சரியாக இருக்கும். துண்டை மடித்து வைப்பதைவிட இது நல்லது. துண்டு நகர்ந்து, காற்று உள்ளே போகும் வழியை அடைத்துவிடலாம்.

அடுத்து, மெஷினைத் தலைமாட்டிலிருந்து தள்ளி, கட்டிலைவிடத் தாழ்வான ஸ்டூலில் வையுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபெல் குறையும். அறைக்குள் அவ்வளவு குறையாது என்றாலும் வித்தியாசம் காதுக்கே தெரியும். வழக்கமான குழாய் 1.8 மீட்டர் இருக்கும். 3 மீட்டர் குழாயும் கிடைக்கிறது. வாங்குவதற்கு முன் உங்கள் மெஷினுக்குப் பொருந்துமா, செட்டிங்கில் ஏதாவது மாற்ற வேண்டுமா என்று டீலரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சத்தம் கேட்கக் கூடாது என்று அலமாரிக்குள்ளோ டிராயருக்குள்ளோ மட்டும் வைத்து மூடாதீர்கள். மெஷின் சூடாகிவிடும்.

ஃபில்டரை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சாம்பல் நிறமாகியிருந்தால் மாற்றிவிடுங்கள். அடைத்த ஃபில்டர் வழியாகக் காற்றை இழுக்க மோட்டார் திணறும், சத்தமும் கூடும். யூஸ் அண்டு த்ரோ ஃபில்டரைக் கழுவிப் போடக் கூடாது. அந்த அறையில் கொசுவத்தியும் சாம்பிராணியும் வேண்டாம். அந்தப் புகையை மெஷின் இழுத்து நேராக அவர் மூக்குக்குத்தான் அனுப்பும்.

‘ஸ்ஸ்’ என்ற காற்றுச் சத்தம்

இதில் இரண்டு வகை உண்டு. மாஸ்க்கின் முன்புறமோ, குழாய் சேரும் இடத்திலோ சிறு துளைகள் இருக்கும். அவர் வெளிவிடும் கரியமில வாயு அந்த வழியாகத்தான் போக வேண்டும். ஒரே சீராக வரும் மெல்லிய சத்தம் அது. அதை டேப் ஒட்டியோ துணி சுற்றியோ அடைத்தால் உயிருக்கே ஆபத்து. போர்வையோ தலையணையோ துளைக்கு நேரே வராமல் பார்த்துக்கொண்டால் போதும். அப்படியும் தொந்தரவு என்றால், காற்றைச் சிதறடித்து வெளிவிடும் மாஸ்க்குகள் வந்திருக்கின்றன, கேட்டுப் பாருங்கள்.

விட்டு விட்டு, படபடவென்று வரும் சத்தம் கசிவு. இது ஏன் நடுராத்திரியில் வருகிறது? ஆட்டோ வகை மெஷின், மூச்சுத் தடை அதிகமாகும்போது அழுத்தத்தைத் தானாகக் கூட்டும். குறைந்த அழுத்தத்தில் கச்சிதமாக இருந்த மாஸ்க், அழுத்தம் கூடியதும் பிதுங்கிக் கசியும். ஆகவே, கண்ணாடி முன்னால் நின்று மாஸ்க் போட்டுப் பார்த்துப் பயனில்லை. அவர் படுத்த நிலையில், மெஷின் ஓடும்போது, உங்கள் விரல்களை ஈரமாக்கி மாஸ்க்கின் விளிம்பைச் சுற்றிக் கொண்டுபோங்கள். டியூபில் பஞ்சர் பார்ப்பது போலத்தான். ஜில்லென்று படும் இடம்தான் கசியும் இடம்.

உடனே பட்டையை இறுக்கத் தோன்றும். இறுக்க இறுக்கக் கசிவு கூடவே செய்யும். சிலிக்கான் குஷனின் மெல்லிய விளிம்பு காற்றில் உப்பி முகத்தோடு ஒட்ட வேண்டும், அதற்கு இடம் வேண்டும். பட்டையைத் தளர்த்தி, மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாக இழுத்துப் பிடித்து, குஷனில் காற்று நிறைந்ததும் திரும்பப் பொருத்துங்கள். படுக்கும் முன் முகத்தில் எண்ணெய்ப் பசையோ கிரீமோ இல்லாமல் கழுவச் சொல்லுங்கள். குஷனையும் தினமும் மென்மையான சோப்பில் கழுவ வேண்டும். அது தளர்ந்து கொழகொழவென்று ஆகிவிட்டால் குஷனை மட்டும் மாற்றலாம்.

காலையில் அவருக்கு வாய் வறண்டு போகிறதா? மூக்கு மாஸ்க் போட்டிருந்தால், வாய் திறந்து காற்று அதன் வழியே போகிறது என்று அர்த்தம். மூக்கடைப்பு இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம் பாருங்கள். பிறகு, தாடைப்பட்டையா, மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க்கா என்பதை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யலாம். வாயில் டேப் ஒட்டும் வேலையை நீங்களாகச் செய்யாதீர்கள்.

‘களக் களக்’ தண்ணீர்ச் சத்தம்

ஹியூமிடிஃபையரிலிருந்து வரும் ஈரக் காற்று குளிர்ந்த குழாயில் பட்டுத் தண்ணீராகிறது. ஏசி ஓடி, கூடவே ஃபேன் காற்றும் குழாய்மேல் நேராக அடித்தால் விடியற்காலைக்குள் நிறையவே சேர்ந்துவிடும். ஏசியை 25, 26-ல் வையுங்கள். குழாய்க்குத் துணி உறை போடுங்கள், அல்லது குழாயைப் போர்வைக்குள் விடுங்கள். ஈரப்பத அளவை ஒரு படி குறைத்துப் பாருங்கள். மெஷின் தாழ்வாக இருந்தால் குழாயில் சேரும் தண்ணீர் மாஸ்க்குக்கு வராது. இவ்வளவு செய்தும் நிற்கவில்லை என்றால், மெஷின் ஏற்கும் பட்சத்தில், சூடாகும் குழாய் வாங்கலாம். தொட்டியில் குறித்த கோட்டுக்குமேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். டிஸ்டில்டு வாட்டர்தான் நல்லது. உப்புத் தண்ணீர் ஊற்றினால் தொட்டியில் உப்பு படிந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். சத்தம் குறையும் என்று அழுத்தத்தை நீங்களாகக் குறைக்காதீர்கள். மெஷினைத் திறந்து பஞ்சு, ஃபோம் எதையும் திணிக்காதீர்கள். சத்தத்தை அடக்க உள்ளே வைத்த ஃபோம் சிதைந்து காற்றோடு கலக்கக்கூடும் என்பதால்தான் 2021-ல் பிலிப்ஸ் நிறுவனம் பல மாடல்களைத் திரும்பப் பெற்றது. அந்தப் பழைய மாடல்களை செகண்ட் ஹேண்டில் வாங்கவே வேண்டாம். மோட்டாரில் திடீரென்று கரகர சத்தம் வந்தாலோ, குழாயில் கறுப்புத் துகள் தெரிந்தாலோ சர்வீஸுக்குக் கொடுங்கள், டாக்டருக்கும் சொல்லுங்கள்.

கடைசியாக, அந்த இரண்டு மணி விஷயம். கனவுகள் வரும் ஆர்.இ.எம். தூக்கம் இரவின் பின்பாதியில்தான் அதிகம். பலருக்கு மூச்சுத் தடை மோசமாவதும் அப்போதுதான். இரண்டு மணிக்குக் கழற்றினால், மெஷின் மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது சும்மா கிடக்கும். எனவே இன்றிரவே ரப்பர் மேட் போடுங்கள், ஈரவிரல் சோதனையைச் செய்துவிடுங்கள். இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால், மெஷினில் பதிவாகியிருக்கும் கசிவுக் கணக்கை எடுத்துக்கொண்டு மாஸ்க்கோடு டாக்டரைப் பாருங்கள். அதுவரை உங்கள் காதுக்கு இயர் பிளக், அவர் முகத்தில் விடியும்வரை மாஸ்க்.